வெண்ணெய்க்குப் பக்கத்தில்

ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் புழு டப்பாவை வைக்கக் கூடாது என்று ஒரு பெண் சொன்னால் அதில் எந்தத் தவறும் இல்லை. தூண்டில்காரரைக் கட்டிக்கொண்ட எவளும் முதல் வாரத்திலேயே அதைச் சொல்லியிருப்பாள். நீங்கள் என் சமையலறையில் தேநீர் குடித்தபோது எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர். சுத்தமாக இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

நடந்ததையெல்லாம் என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு அதில் சிரமமில்லை. ஓய்வு பெறும்வரை ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரு விஷயத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தெரியும். வருத்தம் தெரிவிக்கும் வரி எதையும் இதில் தேடாதீர்கள். நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்குக் கடைசியில்தான் பதில் சொல்வேன். அது ஒன்றும் அவ்வளவு முக்கியமான கேள்வி இல்லை.

டெஸ்மண்ட் என் தம்பி. அம்மா போனபோது அவன் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. நான்தான் குளிப்பாட்டி, ஊட்டி, தலைவாரி வளர்த்தேன். சிரிலைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவனும் என்னோடு வந்தான். "உங்க அக்கா கொண்டுவந்த சீதனமே நீதான்டா மாப்ள" என்று சிரில் அவனைச் சீண்டுவார். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. டெஸ் பெரியவனாகி மின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அடுத்த தெருவில் தனியாக வீடு எடுத்த பிறகும், சாப்பாட்டு நேரத்துக்கு அவன் கால்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. எவள் சமையலும் உன் சமையலுக்கு உறை போடக் காணாது என்பான்.

ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் ஆற்றுக்குப் போய்விடுவார்கள். மதகைத் தாண்டி ட்ரெண்ட் ஆறு கொஞ்சம் நிதானப்பட்டுப் பழுப்பாக ஓடுகிற இடத்தில், வில்லோ மரங்களுக்குக் கீழே, ஆளுக்கொரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். முனையில் சிவப்பு பூசிய தக்கை. அதற்குக் கீழே தூண்டில் நரம்பில் கடித்து இறுக்கிய சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். முள்ளில் ஒரு புழு. தக்கையை நீரோட்டத்தில் போகவிட்டு, அதன் பின்னால் ஒரு சிட்டிகைப் புழுவை விசிறி, தக்கை முங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முங்காவிட்டால் இழுத்து மறுபடி எறிவார்கள். நாள் முழுக்க இதேதான். மாலையில் வலைப்பையில் சேர்ந்த மீன்களை எடை பார்த்துவிட்டு, திரும்ப ஆற்றிலேயே கொட்டிவிடுவார்கள். சிரில் வாழ்நாளில் ஒரு மீனைக்கூடக் கொன்றதில்லை என்று அடக்கத்தின்போது பாதிரியார் சொன்னார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். உண்மைதானே.

குளிர்காலத்தில் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளிரில் புழு விறைத்துப்போய்க் குச்சிபோலக் கிடக்கும். நெளியாத புழுவை மீன் சீண்டாது. அதனால் நாலைந்தை எடுத்துக் கீழுதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் அடக்கிக்கொள்வார்கள். வாய்ச்சூட்டில் அவை உயிர்பெற்று நெளியத் தொடங்கும். விரலும் விறைத்திருப்பதால் அங்கிருந்தே ஒவ்வொன்றாக எடுத்து முள்ளில் கோர்ப்பது சுலபம். சிரிலுடைய அப்பாவும் அப்படித்தான் செய்தாராம். அது ஒரு பழக்கம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றாது. கை தானாக வாய்க்குப் போகும்.

நான் சாண்ட்விச் கொண்டுபோன ஒருநாள், சிரில் உதட்டை இறுக மூடிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "ம்ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட பேச்சு குடுக்காத" என்றான் டெஸ். "வாயத் தொறந்தா உள்ள குடியிருக்கிற குடும்பம் மொத்தமும் வெளிய வந்துரும்."

"ம்ம்" என்றார் சிரில், அவனை முறைத்து.

"மச்சான், கோச்சுக்காதீங்க. உங்க தக்கை தூங்கி ரொம்ப நேரமாச்சு. போர்வை எடுத்துட்டு வரவா?"

சிரில் உள்ளங்கையில் துப்பிவிட்டுச் சொன்னார்: "உன் தக்கைய பாரு முதல்ல. மரத்துல தொங்குது."

உண்மையில் அது வில்லோ கிளையில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. டெஸ் சிரித்த சிரிப்பில் அக்கரையில் நின்ற வாத்துகள் கலைந்து பறந்தன. அவனை நான் நினைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அவன் எங்களோடு இருந்த கடைசிக் கிறிஸ்துமஸ் வாரம் புழு டப்பா பின்பக்கத்துக் கொட்டகையில் இருந்தது. மூடி சரியாக மூடப்படவில்லை. கொட்டகையில் நான் பறவைகளுக்காக வைத்திருந்த தானியச் சாக்கு உண்டு; அதைத் தேடி எலிகள் வருவது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தூண்டில் சங்கத்தின் போட்டி. சிரிலுக்கு அப்போதுதான் புதிதாகப் பல்செட் கட்டியிருந்தார்கள். ஈறு புண்ணாகி இருந்ததால் அவரால் வாயில் எதையும் அடக்க முடியவில்லை. "குடுங்க மச்சான், உங்க பங்கையும் நானே அடைகாக்கிறேன்" என்று டெஸ் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அடக்கிக்கொண்டான். அன்றைய போட்டியில் சிரிலுக்கு இரண்டாம் பரிசாக ஒரு வான்கோழி கிடைத்தது. சிரிலின் முள்ளில் இருந்தது டெஸ்ஸின் வாயில் உயிர்பெற்ற புழு. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் மின்நிலையத்துக்காரர்கள் டெஸ்ஸைக் கென்ட் பக்கம் வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே தங்கியிருந்த அறையில் காய்ச்சலில் விழுந்தான். ஃப்ளூ என்றார்கள். உடம்பு வலி, தலைவலி, எல்லாம் ஃப்ளூ மாதிரியே. பிறகு கண் மஞ்சளானது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டான். மறுநாள் போய்விட்டான்.

மரண விசாரணை அந்த ஊரிலேயே நடந்தது. மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். எலியின் சிறுநீர் பட்ட எதையாவது வாயில் போட்டால் வருகிற காய்ச்சல். ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிறவர் என்ற ஒரே ஒரு தகவல் முதலிலேயே தெரிந்திருந்தால், வேறு மருந்து கொடுத்திருப்போம், பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்றார். அந்த ஒரு தகவலை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு சிரிலைக் கேட்டார்கள்.

"டப்பாவ கொட்டகையில நான்தான் வச்சேன்" என்றார் சிரில். "மூடிய பாக்காம விட்டதும் நான்தான்."

பைபிள் மீது கைவைத்துச் சொன்னார். சத்தியம் செய்துவிட்டு ஒரு மனிதன் சொன்னதை நான் ஏன் சந்தேகிக்க வேண்டும்? திரும்பி வரும் ரயிலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. தம்பியைக் கொன்றவர் யார் என்று அன்று எனக்குச் சட்டப்படி தெரிந்துவிட்டது. அதன் பிறகு நான் செய்ததெல்லாம் அதிலிருந்து நேராக வந்ததுதான். உங்கள் சட்டம் அதை விபத்து என்று எழுதி மூடிவிட்டது. நான் அப்படி மூடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த கோடை முழுக்க சிரில் தூண்டிலைத் தொடவில்லை. கொட்டகைப் பக்கமே போகவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் நானே சொன்னேன், போய்ட்டு வாங்க என்று. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வெண்ணெயை ஒதுக்கிவிட்டு, "டப்பா இனிமே இங்கதான் இருக்கணும்" என்று காட்டினேன். அவர் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று அழுதுவிட்டார். எனக்கு அப்போது அவர்மேல் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்பலாம்.

பிறகு ஒரு ஞாயிறு, நல்ல பனி. சாண்ட்விச்சோடு கரைப் பாதையில் போனேன். சிரில் தன் வழக்கமான இடத்தில் இல்லை. டெஸ்ஸின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆர்ச்சி பிளென்கின். அவர்தான் சங்கச் செயலாளர், புழுவும் தூண்டிலும் விற்கிற கடைக்காரர். அவர்களுக்குப் பின்னால் மேட்டில் நான் நிற்பது இருவருக்கும் தெரியாது.

"அது டெஸ்ஸோட தக்கைதானே சிரிலு?" என்றார் ஆர்ச்சி.

"ம்ம்."

"அதான பாத்தேன். மீனுக்கெல்லாம் அவன் மூஞ்சி ஞாபகம் வந்து வரிசைகட்டி வருது. உன் மூஞ்சிக்கு எது வரும்?"

சிரில் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் வாயில் அடக்கியிருந்த புழுக்கள் முழங்காலில் விழுந்தன. அவர் அவற்றைப் பொறுக்கி மறுபடி உதட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

நான் கீழே இறங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி அந்த சாண்ட்விச்சை நானே சாப்பிட்டேன். பன்றி இறைச்சியும் கடுகுச் சாந்தும். நன்றாக இருந்தது.

அன்று மாலை அவரைக் கேட்டேன்: "இன்னுமா அத வாயில போடறீங்க?"

"ஃப்ரிட்ஜுல இருந்ததுதானே கண்ணு. நீ பாத்துப் பாத்து வச்சிருக்க. அதுக்கு என்ன வரப்போகுது?"

பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன். ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். சிரில் படுக்கப் போன பிறகு டப்பாவை எடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோவேன். மூடியைக் கழற்றி, தானியச் சாக்குக்குப் பக்கத்தில் வைப்பேன். காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது மூடியைப் போட்டு மறுபடி வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். பால்காரன் காலிப் பாட்டிலை எடுப்பதைவிட அதில் பெரிய வேலை இல்லை. எலிகள் புழுவையும் தின்றன. டப்பா குறைந்தால் சிரிலுக்குத் தெரிந்துவிடுமே என்று நானே கடைக்குப் போய் வாங்கி நிரப்பினேன்.

"என்ன தங்கச்சி, நீயே வந்துட்ட?" என்றார் ஆர்ச்சி. "புழுன்னாலே நாலு வீடு தள்ளி நிப்பியே."

"அவருக்கு ஒரு சந்தோஷம்" என்றேன்.

"குடுத்து வச்சவன்யா அவன்! என் வீட்ல இருக்கிறவ என்னையே கொட்டகையிலதான் படுக்கச் சொல்றா."

இதை ஆர்ச்சி உங்களிடம் சொல்லியிருப்பார். மறைக்க எதுவும் இல்லை.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமலே போயிருக்கவும் கூடும். நான் எதையும் அவர் வாயில் திணிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கைதான் அவர் வாய்க்குப் போனது. டெஸ்ஸுக்குக் கிடைத்த வாய்ப்பு என்னவோ அதைத்தான் அவருக்கும் கொடுத்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிப்ரவரியில் காய்ச்சல் வந்தது. ஊர் முழுக்க ஃப்ளூ. பழைய மருத்துவர் ஓய்வு பெற்றிருந்தார். வந்தது ஒரு சின்னப் பெண், எங்களைப் பற்றி எதுவும் தெரியாதவள். அவள் வரும் முன்பே கூடத்திலிருந்த தூண்டில் பையை மாடிப்படிக்குக் கீழே தள்ளி வைத்திருந்தேன். நல்ல பெண். நல்ல கேள்வியும் கேட்டாள்.

"சமீபத்துல ஆறு, குளம், பண்ணைன்னு எங்கயாச்சும் போனாராம்மா?"

"இல்லம்மா" என்றேன். "என் தம்பி போனதுலேருந்து மனுஷன் வாசப்படி தாண்டறதில்ல."

நான் சொன்னது அவ்வளவுதான். நீங்கள் தேடுகிற கொலை ஆயுதம் இந்த ஒரு வாக்கியம்தான், இன்ஸ்பெக்டர். எத்தனை தடவை என் வீட்டைப் புரட்டினாலும் வேறு எதுவும் கிடைக்காது.

சிரிலுக்கு அப்போது நினைவு தெளிவாகத்தான் இருந்தது. தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். கென்ட்டில் அந்த மருத்துவர் சொன்னதை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் அவர். "மீன் பிடிக்கப் போனேன்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குற்றம் செய்தவன் தண்டனையை ஏற்றுக்கொண்டால் அப்படித்தான் திரும்பிக்கொள்வான். ஆகவே ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமென்றால் அது அன்றைக்கே கிடைத்தாகிவிட்டது. இது அதன் நகல்தான்.

மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறைய நீராகாரம் கொடுக்கச் சொல்லிவிட்டு அவள் போனாள். நான் சொன்னபடி எல்லாம் கொடுத்தேன். வேர்த்த சட்டையை மாற்றினேன். கால் வலிக்கிறது என்றபோது பிடித்துவிட்டேன். என்னைவிட நன்றாக எந்தச் செவிலியும் பார்த்திருக்க மாட்டாள்.

ஆர்ச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். "சிரிலு போட்டிக்கு வரலியே, என்னாச்சு?"

"காய்ச்சல்."

"தங்கச்சி, டாக்டர்கிட்ட தூண்டில் போடறவன்னு சொன்னியா? அதத்தான் முதல்ல சொல்லணும். டெஸ்ஸுக்கு ஆனது மாதிரி..."

"சொல்லிட்டேன்" என்றேன்.

"அப்பாடா. சொல்லிட்டீல்ல? அப்ப பயமில்ல."

கண்ணின் வெள்ளை மஞ்சளானபோது நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மருத்துவமனையிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள்; நானும் அதே பதிலைச் சொன்னேன். அடுத்த நாள் ஆர்ச்சி பூங்கொத்தோடு வந்தார். சிரிலின் நிறத்தைப் பார்த்ததும் பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வராந்தாவில் போகிற வருகிற எல்லோரிடமும் கத்தினார். "ஆத்துல மீன் புடிக்கிறவன்யா! யாருமே கேக்கலியா உங்கள்ல? மீன் புடிக்கிறவன்!" அதன் பிறகு ஓடினார்கள், மருந்தை மாற்றினார்கள். சிறுநீரகம் அதற்குள் நின்றுவிட்டிருந்தது.

இதுதான் நடந்தது. டப்பாவை வெளியே கொண்டுபோனது நான். மூடியைக் கழற்றியது நான். மருத்துவரிடம் பொய் சொன்னதும் நான். மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடி செய்வேன். நீதிபதி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாலும் இதையே சொல்வேன்.

இனி உங்கள் கேள்வி. கடைசி நாளில் சிரில் என்னிடம் பேசியதை, மருந்துப் பையை மாற்ற வந்த செவிலி கேட்டிருக்கிறாள். அதை எழுதிக்கொண்டு வந்து என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். அவர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. குரல் மிகவும் கம்மியிருந்தது.

"ஃப்ரிட்ஜுல ட்ரைஃபிள் கிண்ணம் வைக்க இடம் வேணும்னு டப்பாவ வெளிய கொண்டுபோய் வச்சது நீதான்னு நான் யார்கிட்டயும் சொல்லல கண்ணு. அங்க விசாரணையிலயும் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன். நீ அதையே நினைச்சிட்டு இருக்காத."

காய்ச்சலில் மனிதர்கள் எதையெதையோ உளறுவார்கள். இந்தக் குளிர்காலத்தில் நான் டப்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடப்பதை மாடி ஜன்னலிலிருந்து அவர் என்றைக்கோ பார்த்திருப்பார். அதைத்தான் சொன்னார். இரண்டு குளிர்காலமும் அவர் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் ட்ரைஃபிள் செய்யவே இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்யவில்லைதான். டெஸ் இல்லாத வீட்டில் யாருக்காகச் செய்வது? அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குச் செய்தேன். அம்மாவின் பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய, அடியில் கேக், அதன் மேல் பழம், அதன் மேல் கஸ்டர்ட், மேலே கெட்டிப் பாலாடை. டெஸ்ஸுக்கு உயிர். நடுத்தட்டு முழுவதையும் அடைத்துக்கொள்கிற கிண்ணம் அது. ஆனாலும் அன்றைக்கு உள்ளே இடம் இருந்தது. இடம் எப்படி வந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. டெஸ் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

சிரிலை நான் கொன்றேன். எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் டெஸ்ஸை என் பெயரில் எழுத வேண்டாம். அவனைக் கொன்றது யார் என்று சத்தியத்தின் பேரில் பதிவாகியிருக்கிறது. அந்த விசாரணையைத் திறக்க உங்களுக்கு உரிமையில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று ஆர்ச்சியைக் கேளுங்கள். புழுவென்றால் நாலு வீடு தள்ளி நிற்கிறவள். கையுறை வாங்கியதெல்லாம் பிறகுதான். அதற்கு முன்னால் வெறுங்கையோடு டப்பாவைத் தூக்கினால், உள்ளே அவை நெளிவது விரலுக்குத் தெரியும். மூடியை அழுத்தி மூடக்கூட என் கைக்குத் துணிவு வரவில்லை.